நீரிழிவு, சர்க்கரை, சுகர்: ஒரு நோய்ப்பெயர் நடந்த வழி

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போடிமெட்டைத் தொட்டால் தேனி மாவட்டம் முடிந்து இடுக்கி மாவட்டம் தொடங்கிவிடுகிறது. மேடு என்னும் சொல்லுக்கு நெருங்கிய உறவான மெட்டு, கம்பம்மெட்டு, இராமக்கல்மெட்டு, போடிமெட்டு என்று இந்த மலைத்தொடர் நெடுகிலும் எல்லைக்குப் பெயராகி நிற்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் மருத்துவத் துறை ‘நீரிழிவு நோய்’ என்று எழுதுகிறது. அந்தப் பக்கம் மலையாள எழுத்தில் ‘பிரமேகம்’ என்று எழுதுகிறார்கள். விடியுமுன் ஜீப்பில் ஏறி பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள்: இரண்டு பெயரையும் சொல்லமாட்டார். “எனக்குச் சுகரு இருக்கு” என்பார். மலைமேல் அவரோடு காயெடுக்கும் மலையாளத் தோழிக்கும் அது சுகர்தான்.

சொல்லை நேசிக்கிற நமக்கு முதலில் எழுவது வருத்தமே. நீரிழிவு என்று அருமையான தமிழ்ப் பெயர் இருக்க, ஆங்கிலச் சொல் ஏன் இத்தனை எளிதாக நாவில் ஏறிக்கொண்டது? ஆனால் பெயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும்போது, இந்த நோய்க்கு அமைந்த ஒவ்வொரு பெயரும் உடலைப் பற்றிய ஓர் உண்மையைச் சொல்லி இன்னோர் உண்மையை மறைப்பது தெரிகிறது. எழுத்தில் அந்த மறைப்பு பெரிதாகத் தொல்லை தராது. வாசிப்பவர் நின்று நிதானித்துத் திரும்பப் படித்துக்கொள்வார். வாய்மொழியாகச் சொல்லும்போது அப்படி இல்லை. காது பின்னால் திரும்பிப் போகாது. வானொலியிலும், ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கியிலும், வீட்டு வாசலில் நின்று பேசும் சுகாதாரத் தன்னார்வலர் வாயிலும் ஒரு முறை ஒலித்த பெயர் அந்த நொடியிலேயே பொருளாக வேண்டும். ஆகவே இந்தப் பெயர் நடந்த வழியை அறிவது, நலவாழ்வுச் செய்தியைக் காதுக்கு எளிதாக்க நினைக்கிற எவருக்கும் தேவையான பாடம்.

மூத்த பெயரிலிருந்து தொடங்குவோம். நீர், இழிவு. இரண்டும் கலப்பற்ற தமிழ். இங்கே நீர் என்பது சிறுநீர். நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, நீரடைப்பு என்று நம் வைத்தியர்களும் பாட்டிமாரும் வளர்த்த பெரிய குடும்பத்தில் நீரிழிவும் ஓர் உறுப்பினர். இழிதல் என்றால் மேலிருந்து கீழே வருதல். மலையிலிருந்து அருவி இழியும். தேரிலிருந்து வீரன் இழிவான். கரையிலிருந்து துறைக்குள் இழிவார்கள். பழந்தமிழில் தாழ்வு என்னும் பொருளும் இதற்கு உண்டு, ஆனால் இந்தப் பெயரில் அது இல்லை. ஏறுதல் என்பதற்கு எதிரான இயக்கம், அவ்வளவுதான். ஏறியது இழியும் என்னும் எளிய இயற்கையைச் சொல்லும் வினையிலிருந்து பிறந்த பெயர் நீரிழிவு: நீர் ஓயாமல் இறங்கிக்கொண்டே இருக்கிற நோய்.

ஒலியையும் கேளுங்கள். நீ, ரி, ழி, வு. ஒரு நெடில் ஈகாரம், அதைத் தொடர்ந்து இரண்டு குறில் இகரங்கள், முடிவில் இதழ் குவிந்து அடங்கும் உகரம். மெய்களில் ஒன்று மெல்லினம், மூன்று இடையினம். வல்லினம் ஒன்றுகூட இல்லை. தடையே இல்லாமல் வழுக்கி இறங்குகிற சொல், தடையில்லாமல் இறங்கும் நீருக்குப் பெயரானது. பெயரிட்டவர் யாரென்று தெரியாவிட்டாலும் அவர் காது நல்ல காது.

கிரேக்க மொழியின் ‘டயாபிடிஸ்’ என்ற பெயரும் இதே கண்ணோட்டத்தில் பிறந்தது வியப்பளிக்கிறது. ஊடாகக் கடந்து செல்லுதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து வந்த சொல் அது. குடித்த நீர் உடலில் தங்காமல் குழாய் வழியே போவதுபோல ஊடுருவிப் போய்விடுகிறது என்று பார்த்தார்கள் அந்நாட்டு மருத்துவர்கள். ஏறத்தாழ 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரெட்டேயஸ், சதையே உருகி நீராய் வெளியேறுவதாக இந்நோயை வருணித்தார். ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகள், நோயாளியின் அருகில் உட்கார்ந்து பார்த்து, ஒரே அறிகுறியைப் பெயராக்கியிருக்கின்றன.

இப்படிப்பட்ட பெயருக்குக் காலம் செய்தது என்ன? கீழே வருதல் என்னும் பொருளில் இழிதலின் வேலையை இறங்குதல் எடுத்துக்கொண்டது. பேருந்திலிருந்து இன்று யாரும் இழிவதில்லை, இறங்குகிறோம். வினை வழக்கொழிந்தபின் இழிவு என்னும் பெயர்ச்சொல் தனித்து நின்று, தாழ்வு, கேவலம் என்னும் பொருளை மட்டும் சுமக்கலாயிற்று. ஆகவே இன்று நீரிழிவு என்று காதில் விழும்போது கேட்பவருக்கு அருவி தோன்றுவதில்லை, அவமானம் தோன்றுகிறது. மதுரை, தேனிப் பக்கத்துப் பேச்சில் ழகரம் ளகரமாகும் வழக்கம் இருப்பதால் அது ‘நீரிளிவு’ ஆகிறது. தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளில் ஒன்றான இளிவரலின் இளிவு இந்தத் திரிபுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வதைக் கவனியுங்கள்.

இன்னொரு திரிபும் உண்டு. பொருள் விளங்காத சொல்லைப் பொருள் விளங்கும் சொல்லாக மாற்றிக்கொள்வது நாவின் இயல்பு. அப்படித்தான் நீரிழிவு பலர் வாயிலும் சில சுவரெழுத்துகளிலும்கூட ‘நீரழிவு’ ஆகிவிட்டது. நீர் அழிவதா, நீரால் அழிவதா? இரண்டுமே நோயைச் சொல்லவில்லை. அச்சத்தை மட்டும் சொல்கின்றன. ஓர் இகரம் அகரமானதும், உடலில் நடப்பதைக் காட்டிய பெயர் உடல் முடிந்துபோவதைக் காட்டும் பெயராகிவிட்டது. மருந்தாலும் உணவாலும் உழைப்பாலும் நெடுங்காலம் கட்டுக்குள் வைத்திருக்கக்கூடிய நோய் இது. அப்படிப்பட்ட நோயின் பெயரில் ‘அழிவு’ ஒலிப்பது சிறிய பிழை அன்று.

சித்த மருத்துவ நூல்கள் ஆளும் பெயர் மதுமேகம். வடமொழியில் மிஹ் என்னும் வேர் சிறுநீர் கழித்தலைக் குறிக்கும். அதிலிருந்து மேஹம், பிரமேஹம். மது என்றால் தேன். தேன்போன்ற நீர் இறங்கும் நோய் மதுமேகம். அந்த நீரை எறும்பு மொய்ப்பதைப் பண்டைய இந்திய மருத்துவர்கள் கண்டு எழுதிவைத்தார்கள். ஐரோப்பாவில் தாமஸ் வில்லிஸ் அதன் இனிப்பைப் பதிவுசெய்தது 17ஆம் நூற்றாண்டில்தான். இவ்வளவு நுட்பமான பெயரும் தமிழ்க் காதுக்குள் நுழையும்போது இரண்டு இடத்தில் இடறுகிறது. முகிலைக் குறிக்கும் மேகமும் சிறுநீர் தொடர்பான மேஹமும் வடமொழியில் வெவ்வேறு ஒலியுடையவை. நம் எழுத்தில் இரண்டும் மேகம் ஆயின. அந்த மேகநோய் என்னும் பெயரோ நாளடைவில் பால்வினை நோய்களின் மேல் படிந்து, வெளியே சொல்லக் கூசும் சொல்லாயிற்று. மது என்பதைக் கேட்டதும் இன்றைய தமிழர் தேனையா நினைக்கிறார்? மதுக்கடையைத்தான் நினைக்கிறார். ‘மதுமேகம்’ என்று ஒலிபெருக்கியில் சொன்னால், குடிப்பவர்க்கு வரும் நோய் போலும் என்று குடிக்காதவர் நகர்ந்துவிடுவார். மலைக்கு மேலே கேரளத்தில் அதே வேரின் பிரமேகம் எழுத்திலும் மருத்துவ வழக்கிலும் நிலைத்து நிற்பதற்கு ஒரு காரணம், அது இந்தப் பக்கம் பட்ட அளவுக்குப் பிற பொருள்களோடு மோதவில்லை என்பதாக இருக்கலாம்.

இனிச் சர்க்கரை. சர்க்கரா என்பதற்கு வடமொழியில் முதற்பொருள் பரல், சரளைக்கல். கரும்புச்சாறு காய்ந்து பரல் பரலாய் இறுகியதால் அந்த இனிப்புக்கும் அதுவே பெயராயிற்று. நாம் கற்கண்டு என்று கல்லை முன்னால் வைத்துச் சொல்வதும் அதே பார்வைதான். நீரிழிவில் வல்லினமே இல்லை என்றேனே, சர்க்கரையைச் சொல்லிப் பாருங்கள்: சகரமும் இரட்டித்த ககரமும் பல்லில் நறுக்கென்று கடிபடும். 

இந்தச் சொல் தமிழுக்குள் ஒரு முறை மட்டும் வரவில்லை. மிகப் பழங்காலத்தில், வடமொழியின் சபை நம்மிடம் அவை ஆனதுபோல், முதற் சகரத்தை உதிர்த்துவிட்டு அக்காரம் என்று வந்தது. அக்கார அடிசிலில் இன்றும் மணக்கிறது. பிறகு சகரத்தை விடாமல் சருக்கரையாகவும் சர்க்கரையாகவும் வந்தது. மேற்கே பாரசீகத்தில் ஷக்கர் ஆகி, அரபியில் சுக்கர் ஆகி, ஐரோப்பிய மொழிகளின் வழியே ஆங்கிலத்தில் சுகர் ஆகி, ஆங்கிலேயரோடு கப்பலேறி நம்மிடமே திரும்பி வந்தது மூன்றாம் வருகை. கிரேக்கர் வழியே போன இன்னொரு கிளை, சர்க்கரைக்கு மாற்றாக 1879இல் கண்டறியப்பட்ட சாக்கரின் என்னும் பொருளின் பெயராகி, மாத்திரைப் புட்டியில் நான்காம் முறை வந்து சேர்ந்தது. அக்காரம், சர்க்கரை, சுகர், சாக்கரின்: ஒரே பரலின் நான்கு உருவங்கள். “எனக்குச் சுகரு” என்று சொல்கிற தோட்டத்தொழிலாளி தமிழைக் கைவிட்டதாக நான் கருதாததற்கு இதுவும் ஒரு காரணம். அவர் நாவில் இருப்பது உலகம் சுற்றி வந்த பழைய உறவினர்.

ஆனால் சர்க்கரை எப்போது நோயின் பெயரில் வந்து அமர்ந்தது? இனிப்பாக இருக்கிறது என்பதற்கும் இனிப்பது சர்க்கரையே என்பதற்கும் நடுவில் வேதியியல் தேவைப்பட்டது. 1776இல் மாத்யூ டாப்சன் என்னும் ஆங்கில மருத்துவர், நோயாளியின் சிறுநீரில் இனிப்பது ஒருவகைச் சர்க்கரை என்றும், இரத்தத்திலும் அது இருக்கிறது என்றும் காட்டினார். அதுவரை நீரின் நோயாக இருந்தது, அதன்பின் சர்க்கரையின் நோயாகப் பார்க்கப்பட்டது. தமிழில் நீரிழிவு பின்னுக்குச் சென்று சர்க்கரை நோய் முன்னுக்கு வந்ததில் அந்தப் பெரிய மாற்றத்தின் நிழல் இருக்கிறது: அறிகுறியைப் பார்த்து இட்ட பெயருக்குப் பதிலாக, ஆய்வுக்கூடத்தில் அளந்து இட்ட பெயர்.

இங்கேதான் போடியின் நாவழக்கு குறுக்கே வருகிறது. தென் மாவட்டங்களில் கடையில் வாங்கும் வெள்ளைச் சர்க்கரைக்குச் சீனி என்று பெயர்; சீன நாட்டின் பெயரிலிருந்து வந்தது. வட தமிழகத்துச் சில ஊர்களில் அதுவே அஸ்கா; ஒடிசாவின் அஸ்காவில் எழுந்த ஆலையின் நினைவு. சர்க்கரை என்றால் நம் பக்கத்தில் நாட்டுச்சர்க்கரை, வெல்லத்தின் உடன்பிறப்பு. சர்க்கரைப் பொங்கலில் வெள்ளைச் சீனியை யாரும் கொட்டுவதில்லை. இந்தப் பின்னணியில் வளர்ந்த காதில் “சீனி சேர்க்காதீர்கள்” என்னும் அறிவுரை எப்படி விழும்? “சீனியைத்தான் விட்டாச்சே, கருப்பட்டிதானே போட்டுக் குடிக்கேன்” என்று ஒருவர் மனநிறைவோடு சொல்வார். “சீனி வேணாமின்னாங்க, வெல்லம் நல்லதுதானே” என்பார் இன்னொருவர். அவர்கள் அறிவுரையை மீறவில்லை. தங்கள் அகராதிப்படி அப்படியே நிறைவேற்றியிருக்கிறார்கள். சீனி, நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் என்று ஐந்தையும் பெயர் சொல்லி அடுக்கினால்தான் இந்த ஊரில் அந்தச் செய்தி முழுமையாகும். எழுத்தில் வளவளப்பாகத் தோன்றும் அந்த அடுக்கு, காதுக்குத் தெளிவு.

சர்க்கரை நோய் என்னும் பெயர் மறைக்கிற இன்னோர் உண்மையும் இருக்கிறது. சர்க்கரை தின்றதால் வந்த நோய், சர்க்கரையை விட்டால் போய்விடும் நோய் என்று அது எண்ண வைக்கிறது. சோறும் இட்லியும், மலைமேல் கப்பை என்றும் கீழே மரவள்ளி என்றும் வழங்கும் கிழங்கும், உள்ளே போய்ச் சர்க்கரையாகவே மாறுகின்றன. அதை உடல் எடுத்துப் பயன்படுத்தக் கணையத்தில் சுரக்கும் இன்சுலின் வேண்டும். அது போதாதபோது அல்லது அதன் பேச்சை உடல் கேட்காதபோது சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கிவிடுகிறது. தேங்கிய அளவு மிகும்போது சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. சர்க்கரை தன்னோடு நீரையும் இழுத்துக்கொண்டு இறங்குகிறது. நீர் போகப் போகத் தாகம் எடுக்கிறது. பாருங்கள், சர்க்கரை ஏறுகிறது, அதனால் நீர் இழிகிறது. புதிய பெயர் காரணத்தைச் சொல்கிறது, பழைய பெயர் விளைவைச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் நோயின் கதை ஒரே வரியில் வந்துவிடுகிறது: ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் உடம்பிலிருந்து நீர் இறங்கும். ஆனால் நீர் மிகுதியாக இறங்குவது சர்க்கரை நன்றாக ஏறியபின்தான். தொடக்கத்தில் பலருக்கு எந்த அறிகுறியும் இராது. “எனக்கு அடிக்கடி ஒன்னுக்குப் போகலையே” என்று சொல்லிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவருக்கு, பழைய பெயரின் எல்லையையும் நாம் சொல்லியாக வேண்டும்.

தமிழர் கடல் கடந்த இடங்களிலும் இப்பெயர் வேறு வேறு வடிவெடுத்தது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் சலரோகம். சலம் என்றால் அங்கே சிறுநீர். மலேசியத் தமிழர் இனிப்பு நீர் என்கிறார்கள். மலாய் மொழியில் இந்நோயின் பெயருக்கு ‘இனிப்புச் சிறுநீர்’ என்பதே பொருள், அக்கம்பக்கத்து மொழியின் பார்வையைத் தமிழ்ச் சொற்களால் கட்டிக்கொண்டார்கள். நம் தேனி மாவட்டத்தில் வீட்டுக்குள் கன்னடம் பேசும் குடும்பங்கள் பல உண்டு. கன்னடத்திலோ அது சக்கரெ காயிலெ. எங்கே போனாலும் நீரையோ இனிப்பையோ பிடித்துக்கொண்டுதான் பெயர் நடக்கிறது.

இப்போது சுகருக்கு வருவோம். எழுதினால் இது சுக முனிவரின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒன்றும். சொன்னால் ஒன்றாது. முனிவர் பெயரில் இரு உயிர்க்கு இடைப்பட்ட ககரம் தமிழ் இயல்புப்படி மெலிந்து ஹகரச் சாயல் பெறும். நோயின் பெயரில் அது அழுத்தமாகவே நிற்கும். தமிழ் நாவு ரகரத்தில் முடிய விரும்பாமல் ஓர் உகரத்தைச் சேர்த்துச் சுகரு என்றாக்கிவிட்டது. ஓர் அயற்சொல் நம் ஒலிக்குள் குடியேறிவிட்டதற்கு அந்த உகரமே குடும்ப அட்டை.

அதைவிட முக்கியம், அது எந்த வினைகளோடு சேர்கிறது என்பது. சுகர் வந்திருச்சு, சுகர் ஏறிருச்சு, சுகர் எறங்கிருச்சு, சுகர் கூடிருச்சு, சுகர் பாத்தாச்சு. பெயர்ச்சொல் எங்கிருந்தோ வந்தது. வினைகள் எல்லாம் வீட்டுப் பிள்ளைகள். அந்த வினைகளில் இறங்குதல் இருப்பதைக் கவனித்தீர்களா? நீரிழிவில் புதைந்து கிடக்கும் இழிதலின் இன்றைய உருவம் அதுவேதான். மருத்துவத் துறையின் அறிக்கை “குருதியில் சர்க்கரையின் அளவு அதிகரித்தல்” என்று எழுதும்போது மக்கள் ஏறு, இறங்கு என்னும் இரு வினைகளால் அத்தனையையும் சொல்லிவிடுகிறார்கள். ஏற்றமும் இறக்கமுமே வாழ்வாகக் கொண்ட மலையடிவாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வினை ஏது?

இருந்தும், இந்த இறங்குதலிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. 300 இருந்தது 150 ஆனால் “சுகர் எறங்கிருச்சு” என்று மகிழ்கிறோம். 70க்கும் கீழே போனாலும் அதே சொற்கள்தான். ஆனால் அது அவசர நிலை. அதிகாலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிட நேரமின்றி ஜீப்பேறி, சரிவில் குனிந்து நிமிர்ந்து வேலைசெய்கிறவருக்கு, சிலவகை மாத்திரைகளாலும் இன்சுலின் ஊசியாலும் இது நேரக்கூடும். எனவே வாய்மொழிச் செய்தியில் ‘எறங்குறது’ நல்லதற்கும் ‘ரொம்ப எறங்கிப்போறது’ கெட்டதற்கும் என்று பிரித்துச் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டு உடலைக் காட்ட வேண்டும். “மாத்திரையப் போட்டுட்டு வெறும் வயித்தோட மலையேறாதீங்க. கை நடுங்குதா? வேர்த்துக் கொட்டுதா? படபடன்னு வருதா? சுகர் ரொம்ப எறங்கிப்போச்சுன்னு அர்த்தம். உடனே சீனித்தண்ணி குடிங்க, இல்லைன்னா மிட்டாய் போட்டுக்கங்க.” எந்நாளும் விலக்கச் சொன்ன சீனி அந்த நேரத்தில் மருந்தாகிறது என்பதையும் பெயர் சொல்லியே விளக்க வேண்டும், இல்லாவிட்டால் “சுகர்காரிக்குச் சீனியா?” என்று பக்கத்தில் இருப்பவர் தடுத்துவிடுவார்.

எழுத்துநடை காதுக்கு ஏன் பாரமாகிறது என்பதற்கு ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். “நீரிழிவு நோயால் பாதிக்கப்பட்டோர் தங்கள் பாதங்களை நாள்தோறும் பரிசோதித்துக்கொள்வது இன்றியமையாததாகும்.” பிழையற்ற தமிழ். ஆனால் நம் மொழியில் வினை கடைசியில் வருவதால், என்ன செய்ய வேண்டும் என்பதை அறியக் காது வரியின் இறுதிவரை காத்திருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்ததும் செய்ய வேண்டியது கிடைக்கவில்லை, இன்றியமையாமை கிடைக்கிறது. இதையே போடிப் பக்கத்து அக்கா ஒருவர் இன்னோர் அக்காவிடம் எப்படிச் சொல்வார்? “அக்கா, சுகர் இருக்குல்ல? தெனமும் ராத்திரி படுக்கப்போறதுக்கு முன்னாடி காலத் திருப்பிப் பாருங்க. வெரலிடுக்கையும் பாருங்க. புண்ணு, கொப்புளம், வெடிப்பு எது இருந்தாலும் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.” வரி குறுகியது, ஏவல் வினை விரைந்து வந்தது, பாதம் காலாயிற்று, பரிசோதனை திருப்பிப் பார்த்தலாயிற்று. பொருள் குறையவில்லை; விரலிடுக்கு என்னும் இடமும் மறுநாள் என்னும் காலமும் சேர்ந்து கூடவே செய்தது. கால் மரத்துப்போனவருக்கு மழைக்காலத்தில் அட்டை கடித்ததும் தெரியாது, கல் குத்தியதும் தெரியாது என்பதைச் சேர்த்துச் சொன்னால், மலையில் வேலைசெய்கிறவர் ஏன் பார்க்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளாமலே புரிந்துகொள்வார். 

எண்களுக்கும் இதே கவனம் வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனைக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பெயர் உண்டு. அதை ஒலிபெருக்கியில் சொன்னால் எவர் காதிலும் தங்காது. மக்களோ அதற்கு ‘மூணு மாசச் சுகர்’ என்று பெயரிட்டு நெடுநாளாயிற்று. ஆய்வுக்கூடத் தாளில் 6.5 என்று அச்சிட்டிருப்பதை ஆறு புள்ளி ஐந்து என்று வாசிக்காமல் ஆறரை என்று சொல்லுங்கள். காலும் அரையும் முக்காலும் நம் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. மூணு மாசச் சுகர் ஆறரையைத் தொட்டால் அது சுகர் என்று காது உடனே பிடித்துக்கொள்ளும். வெறும் வயிற்றில் 126 என்னும் கோட்டையும் நூத்தி இருபத்தாறு என்று நிறுத்திச் சொல்லி, ஒரு மூச்சில் ஓர் எண்ணுக்கு மேல் அடுக்காமல் விட்டால் போதும்.

பெயர் காதுக்கு எளிதாக அமைந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அரசுத் திட்டம் ஒன்றின் பெயரே சான்று. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டத்துக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று பெயர் வைத்தார்கள். மூன்றே சொற்கள், நடுவில் ஒரு வினையெச்சம், யார் யாரை நோக்கி வருகிறார் என்பது பெயரிலேயே இருக்கிறது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து சுகரும் பிரஷரும் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வாய்மொழி மருத்துவச் செய்தியின் உண்மையான இடம் அந்த வாசற்படிதான். “சுகர் பாத்து எம்புட்டு நாளாச்சுக்கா?” என்று அவர்கள் கேட்கும் கேள்விதான் இந்நோயைப் பற்றி இந்த மாவட்டத்தில் மிகுதியாக ஒலிக்கிற தமிழ் வாக்கியமாக இருக்கும். இந்தியாவில் சர்க்கரை நோயுள்ளோர் ஏறத்தாழ 10.1 கோடி பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு 2023இல் தெரிவித்தது. அத்தனை பேரிடமும் செய்தி கொண்டுசேர்ப்பது முதன்மையாகக் குரலின் வேலை.

ஆகவே, சொல்லை நேசிக்கும் நாம் எந்தப் பெயரின் பக்கம் நிற்பது? எந்த ஒன்றையும் விடத் தேவையில்லை என்பதே என் துணிபு. கூப்பிடும்போது சுகர் என்று கூப்பிடுவோம். மெட்டுக்கு இருபுறமும் திரும்பிப் பார்க்க வைக்கிற பெயர் அதுதான். நோயை விளக்கும்போது சீனி முதல் கருப்பட்டி வரை ஊர்ப்பெயர் சொல்லிச் சர்க்கரையை விளக்குவோம். உடலில் நடப்பதைக் காட்டும்போது ஏறுதல், இறங்குதல் என்னும் வினைகளைத் துணைகொள்வோம். நீரிழிவை எழுத்தில் போற்றுவோம். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லித்தரும்போது, இழிதல் என்பது இறங்குதல், இதில் எந்த இழிவும் இல்லை என்று சேர்த்தே சொல்லித்தருவோம். மழலைகள் அந்தப் பொருளோடு வளர்ந்தால் இன்னொரு தலைமுறையில் அந்த அழகிய சொல் பேச்சுக்கும் திரும்பக்கூடும்.

வானொலிக்கோ ஒலிபெருக்கிக்கோ ஒரு நலவாழ்வுச் செய்தி எழுதுகிறவர், பதிவுசெய்யுமுன் அதைத் தோட்டத்திலிருந்து வேலை முடிந்து இறங்கி வந்த ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டி, கேட்டதைத் தம் சொல்லில் திரும்பச் சொல்லும்படி கேட்கட்டும். அவர் எந்தச் சொல்லைத் தம் சொல்லால் மாற்றிச் சொல்கிறாரோ, அந்த இடத்தில் அவர் சொல்லையே எழுதிக்கொள்ளட்டும். தமிழ் இதுவரை தன் பெயர்களை அப்படித்தான் தேர்ந்துகொண்டு வந்திருக்கிறது.